தூக்கணாங்குருவி பாதிக் கூட்டிலிருந்து கூப்பிடுவது ஏன்?

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் பேசித் திரிந்தபோது, காட்டில் யாரும் தன் வீட்டைத் தானே கட்டியதில்லை. இலை தைக்கும் முசுறு எறும்புகள்தான் எல்லோருக்கும் கட்டிக் கொடுத்தன. ஆனால் அவற்றுக்குப் பேச்சு புரியாது. மரப்பட்டையில் தட்டினால்தான் புரியும். ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி எல்லோருக்கும் அலகும் நகமும் தேய்ந்துபோயின.

தூக்கணான் என்ற ஆண்குருவிக்கு அலகு சின்னது. அவன் தட்டினால் எறும்புக்கு எட்டவே எட்டாது. உட்கார்ந்து யோசித்து அவன் ஒரு மொழி உண்டாக்கினான். வாசல் கீழே, முட்டைக்கு மேடு, மழைக்குக் கூரை என்று சொன்னால் போதும், முழு வீடும் அதில் அடங்கிவிடும். சொன்னதை எறும்புக்குப் புரியும் தட்டலாக மாற்ற ஒரு ஆள் வேண்டுமே? அந்த வித்தையை மலை உச்சியில் இருந்த, பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவைக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தான். கண்டவர் கையில் போனால் மொழி கெட்டுவிடும் என்று அவனுக்குப் பயம். இருவாச்சியோ வீட்டுக்கு ஒரு கூடை அத்திப்பழம் கூலி கேட்டாள்.

காடே அந்த மொழியை மெச்சியது. மெச்சியதோடு சரி.

அடிவாரத்து அணிலிடமும் ஒரு மொழி இருந்தது. கரடுமுரடானது. சொன்னதையே திரும்பத் திரும்பக் கீச்சிட வேண்டும். கட்டிய வீடும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ஆனால் மரத்துக்கு மரம் அணில் இருந்தது. கேட்டவருக்கெல்லாம் கூலி வாங்காமல் எறும்புக்குத் தட்டிச் சொன்னது. தட்டும் விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தது.

மழைக்கு முன்னால் மைனா தூக்கணானிடம் வந்தாள்.

"அண்ணே, அத்திப்பழத்துக்கு நான் எங்க போவேன்? மலை ஏறவும் தெம்பில்ல. அந்தத் தட்டுற வித்தைய எனக்குச் சொல்லிக் குடுங்க. எங்க கூட்டம் பூரா உங்க மொழியையே பேசும்."

தூக்கணான் அன்றைக்கு மனசு வைத்திருக்கலாம். பெருமை விடவில்லை. "நல்லது வேணும்னா மலை ஏறித்தான் ஆகணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மைனா நேரே அணிலிடம் போனாள். அவளைப் பார்த்துக் கொக்கும் காடையும் போயின.

அதற்குள் தூக்கணானின் மனைவி மஞ்சாயிக்கு முட்டையிடும் நாள் நெருங்கியது. அவன் அத்திப்பழம் பொறுக்கி, நடை நடையாய்ச் சுமந்துகொண்டு மலைக்குப் பறந்தான். அங்கே இருவாச்சி அடைகாக்க மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்திருந்தாள். அலகு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. குஞ்சு பெரிசாகும்வரை ஒரு தட்டும் தட்ட முடியாது என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டாள். அந்த வித்தை தெரிந்தவர் காட்டில் வேறு யாருமில்லை.

கொட்டும் மழையில் அவன் திரும்பி வந்தபோது மஞ்சாயி கிளையில் இல்லை. அணில் தட்டிச் சொல்லி எறும்புகள் கட்டிய ஒரு கோணல் வீட்டுக்குள் முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். தூக்கணான் வாசலருகே போய் எட்டிப் பார்த்தான்.

"என் மொழியில கட்டினா எவ்வளவு நல்லா இருந்திருக்கும், மஞ்சாயி. இந்தக் கோணல்ல போய் உக்காந்திருக்கியே."

"கோணலோ நேரோ, இது இங்க இருக்கு" என்றாள் அவள். "உன்னோடது மலைமேல இருக்கு."

மழை விட்டதும் புல்லைக் கிழித்து, யாரும் வந்து பார்க்கும்படி தாழ்ந்த கிளையில் தன் சின்ன அலகாலேயே நெய்ய ஆரம்பித்தான். முடிக்கும்வரை பொறுத்தால் மறுபடியும் பிந்திவிடுமோ என்று பயமாக இருந்தது. பாதியிலேயே சிறகடித்துக் கூப்பிட்டான்.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி தன் கூட்டைத் தானே நெய்கிறது. பாதி நெய்ததுமே அதில் தொங்கிக்கொண்டு, வந்து பாருங்கள் வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிறது. பெண்குருவி வந்து உள்ளே நுழைந்து பார்த்து, சரி என்ற பிறகுதான் மீதியை நெய்கிறது.