வாசிக்கும்போதே அழிந்த உரை

தலைமைப் பொறியாளர் சபாநாயகம் ஒருநாள் தற்காலிகப் பணியாளர் வடிவிடம் சீறினார்: "பட்டியலை வாசிக்கும்போதே புரோகிராம் அதிலிருந்து பெயர்களை நீக்கணும். புரோகிராமைச் சரிபார்க்கிற கம்பைலர் மறுக்குதுன்னு கதை சொல்லாதே. நாளைக்குள்ள முடியலேன்னா உனக்கு வேலை இல்லை."

"சரிங்க சார்."

மறுநாள் ஆண்டுவிழா. தாமே எழுதிய உரையைக் கணினித்திரை பார்த்து அவர் முழங்கிக்கொண்டிருக்க, வடிவு அதே கோப்பைத் தன் மடிக்கணினியில் திறந்து, இருக்கையிலிருந்தே அதன் வரிகளை அழித்தாள். பாதி வாக்கியத்தில் அவர் திணறினார். அரங்கம் சிரித்தது.

"யாரும்மா அழிச்சது?" என்று வடிவைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான் சார். நீங்க வாசிச்சு முடிக்கிற வரை நான் பொறுத்திருக்கணும். கம்பைலரும் அதைத்தானே கேக்குது?"

புரோகிராம் நீக்கவேண்டிய பெயர்களைக் குறித்துக்கொண்டு, பட்டியலை வாசித்து முடித்தபின் நீக்கினால் போதும் என அவர் ஒப்புக்கொண்டார். அவள் வேலையும் நிலைத்தது.

அடுத்த ஆண்டுவிழாவில் வடிவே அழைத்தும் அவர் மேடையேறவில்லை. "வேற யாராவது பேசட்டும்மா" என்றார். ஆனாலும் அவர் சட்டைப்பையில், யாரும் அழிக்க முடியாதபடி காகிதத்தில் மையால் எழுதிய உரை மடிக்கப்பட்டிருந்தது.