செய்து காட்டிய குடியரசு தினம்

சாயல்மேடு பால் கூட்டுறவு சங்கத்தின் செயலாளர் தருமலிங்கத்துக்கு விடுமுறை என்றாலே ஆகாது. ஜனவரி இருபத்தைந்தாம் தேதி மதியம் ஊழியர்களையெல்லாம் தன் அறைக்கு வரவழைத்தார்.

"குடியரசு தினம்னா உங்களுக்குத் தூக்கமும் டிவியும்தான். அதுக்கு என்ன அர்த்தம்னு ஒருத்தராவது காட்டுங்க. பேச்சு வேண்டாம், செஞ்சு காட்டணும். இல்லேன்னா நாளைக்குக் கொடியேத்திட்டு எல்லாரும் சாயங்காலம் வரைக்கும் வேலை பார்க்கணும்."

எழுத்தர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் சண்முகத்தாயின் மகள் மறுநாள்தான் விடுதியிலிருந்து வருகிறாள். நாலு மாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு நாள். சண்முகத்தாய் முன்னால் வந்தார். செயலாளருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார்.

"நீ என்ன பண்றே?" என்றார் தருமலிங்கம்.

"குடியரசு தினம் சார். உங்களுக்கும் எனக்கும் ஒரே மதிப்புன்னு சட்டம் வந்த நாள். பதினோரு வருஷமா இந்த நாற்காலியைத் துடைக்கிறேன், உட்கார்ந்ததில்லை. நீங்க செஞ்சு காட்டச் சொன்னீங்க. நின்னுக்கிட்டே செய்ய வழி தெரியலை."

தருமலிங்கத்தின் முகம் முதலில் கடுத்தது. பிறகு அவரையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு எல்லாருக்கும் லீவு, போங்க."

மற்றவர்கள் கலைந்தார்கள். சண்முகத்தாய் வழக்கம்போல அவருக்கு டீ ஊற்ற எழுந்தார்.

"உட்காருங்கம்மா," என்று பிளாஸ்க்கைத் தானே திறந்தார் தருமலிங்கம். "உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும்?"