பெண்கள் பக்கத்து வரிசை

பௌர்ணமி அன்று தவமணி அம்மாவின் பேச்சைக் கேட்க ஆசிரமத்தில் நல்ல கூட்டம். பேச்சு தொடங்கும் நேரம் தாண்டியும் அம்மாவைக் காணோம்.

சீடர் கோதண்டம் தேடிக்கொண்டு போனார். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மாவைவிட மூத்தவர். ஆசிரமத்துக்குப் புதுக் கழிப்பறை கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். இரண்டும் ஒரே அளவு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அம்மா அந்தக் கழிப்பறைக்கு எதிரில்தான் நின்றிருந்தார். பெண்கள் வரிசையின் கடைசியில், செல்லக்கிளி என்ற கர்ப்பிணிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு.

"அம்மா! மண்டபத்துல எல்லாரும் காத்திருக்காங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"ஒரு தடவை பார்த்துட்டு வாங்க ஐயா."

போய்ப் பார்த்தார். ஜமுக்காளத்தில் ஒரு பக்கம் நிறைய ஆண்கள். மறு பக்கம் கிட்டத்தட்டக் காலி. திரும்பி வந்தார்.

"ஆம்பளைங்கதான் இருக்காங்க."

"அப்ப இவங்க வரட்டும்."

கோதண்டம் வரிசையைப் பார்த்தார். அது தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நீண்டிருந்தது.

"நான் பாரபட்சம் பார்க்கலம்மா. டேப் பிடிச்சு அளந்துதான் சுவர் எழுப்பினேன். ஓரங்குலம் கூடக் குறைவில்ல. அங்க வரிசையே இல்ல. இங்க மட்டும் ஏன் நகர மாட்டேங்குது?"

அப்போது ஒரு கதவு திறந்தது. இடுப்பில் குழந்தை, பல்லில் பையின் காது, இப்படி ஒருத்தி வெளியே வந்தாள்.

"ஏம்மா, பையை எதுக்கு வாயில கவ்வியிருக்க?" என்று அவளிடம் கேட்டார் அம்மா.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "பின்ன? உள்ள ஒரு ஆணி உண்டா? கீழ வெச்சா ஈரம். கதவு வேற உள்பக்கமாத் திறந்து முட்டியில இடிக்குது. கட்டின மகராசன் ஒரு நாள் சேலை கட்டிட்டு உள்ள போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

வரிசை முழுக்கச் சிரித்தது.

"கட்டினது நான்தான்" என்றார் கோதண்டம்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "டைல்ஸ் நல்லா இருக்குதுங்கய்யா."

கோதண்டம் சுவரைப் பார்த்தார். ஆண்கள் பக்கம் சுவரோரமாக எட்டுப் பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம். அதுபோக இரண்டு அறைகள். பெண்கள் பக்கம் அதே இடத்தில் நான்கு அறைகள்தான் பிடித்திருந்தன.

சட்டென்று ஆண்கள் பக்கம் போனார். உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, துண்டை உதறி வாசலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டார்.

"பாதிப் பேர் இங்க வாங்கம்மா. முதல்ல அந்தப் பிள்ளைத்தாச்சி வரட்டும்."

"யோவ், எங்களுக்கு அவசரம்!" என்றான் ஒருவன்.

"அஞ்சு நிமிஷம் நில்லு தம்பி. அவங்க அரை மணி நேரமா நிக்கிறாங்க."

அம்மா செல்லக்கிளியை வாசல்வரை கூட்டி வந்தார். "என்கிட்ட ஏதோ கேட்கணும்னியே?"

"இப்ப எல்லாம் மறந்துபோச்சும்மா. உள்ள போயிட்டு வந்துடறேன்."

வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"போன தடவை தங்கலம்மா. இதாவது தங்குமா?"

"அது எனக்குத் தெரியாது கண்ணு. நர்ஸ் என்ன சொன்னாங்க?"

"தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னாங்க."

"குடிக்கிறியா?"

"களை எடுக்கப் போற இடத்துலயும் பஸ்ஸுலயும் குடிச்சுட்டு எங்கம்மா போறது? இன்னைக்கும் வரிசைக்குப் பயந்து காலையிலருந்து ஒரு வாய் குடிக்கல."

அம்மா அவள் தலையைத் தடவினார்.

கோதண்டம் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நாளைக்கே அந்தச் சுவரை இடிச்சுத் தள்ளிக் கட்டறேன். எவ்வளவு தள்ளணும்? எத்தனை அறை வேணும்? ஆணி எங்க அடிக்கணும்? நீங்க சொன்னாப் போதும்மா."

"என் அறையோட சேர்ந்தே எனக்குக் கழிப்பறை இருக்கு ஐயா. நான் என்னத்தைக் கண்டேன்? வரிசை இன்னும் இங்கதான் நிக்குது. இந்தப் பொண்ணுகிட்ட ஆரம்பிச்சு, ஒவ்வொருத்தரா கேளுங்க."