விருந்தாளியை உள்ளே வைத்துக் கதவடைத்த உலக்கையன்

இரும்புக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், செவ்வந்தியப்பன் என்னும் கொல்லர் மலையூருக்கு உப்பு ஏற்றிச் செல்ல ஒரு மோட்டார் சைக்கிள் செய்தார். அதன் வயிற்றில் உருளை வடிவ இரும்பு வீடு ஒன்று இருந்தது. அதற்குள் மேலும் கீழும் போய்வருபவன் உலக்கையன். கூரையில் இரண்டு கதவுகள். உள்ளே விடும் கதவைக் காத்தவள் வரவி, வெளியே விடும் கதவைக் காத்தவள் போக்கி. இருவரும் உலக்கையனுக்கு அக்காமார். உச்சியில் பொறியன் என்னும் நெருப்புப் பயல் குந்தியிருந்தான். கீழே, உலக்கையனோடு ஒரு தண்டால் பிணைந்து, கனத்த உடம்புடன் சக்கரப் பெரியம்மா சுழன்றாள்.

அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் இருவர்: காற்றும் பெட்ரோலும். விருந்தாளி உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்துவது அவ்வீட்டில் பெரும் மரியாதைக் குறைவு. ஆகவே இரு கதவுகளும் எப்போதும் திறந்தே கிடந்தன. அவர்கள் நுழைந்ததும் பொறியன் சிரித்துக்கொண்டு பற்றவைப்பான். பிறந்த வேகமெல்லாம் கதவு வழியே ஓடிவிடும். உலக்கையனுக்குக் கிடைப்பது இலேசான ஒரு தட்டல்தான்.

சமவெளியில் அது போதுமாயிருந்தது. மலையேற்றத்தில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. செவ்வந்தியப்பன் பின்சக்கரத்துக்குக் கல்லை அண்டக்கொடுத்தார்.

"மேலே ஊரே உப்பில்லாமல் கஞ்சி குடிக்கிறது. இந்த ஏற்றம் ஏறாவிட்டால் உங்களையெல்லாம் உருக்கிக் கலப்பைக்குக் கொழு அடித்துவிடுவேன்" என்றார்.

உலக்கையன் நிமிர்ந்தான். "அக்கா, இம்முறை அவர்கள் வந்ததும் இரண்டு கதவையும் அடையுங்கள்."

"ஐயையோ! வந்தவர்களைப் பூட்டிவைப்பதா? இனி யாரடா நம் வீட்டுப் படி மிதிப்பார்கள்?" என்றாள் வரவி.

"பழி என் தலையில் விழட்டும். ஆனால் பெரியம்மா, என்னை மேலே தூக்கிவிட ஆள் வேண்டுமே?"

"நான் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கவா இங்கே இருக்கிறேன்? எவராவது முதலில் என்னைச் சுழற்றிவிடட்டும். அந்த வேகத்தைச் சேர்த்துவைத்து உன்னைத் தூக்குகிறேன்" என்றாள் பெரியம்மா.

கொல்லர் வண்டியின் மிதிகட்டையை ஓங்கி ஒரு மிதி மிதிக்க, பெரியம்மா சுழன்றாள். உலக்கையன் இறங்கினான், வரவி வழிவிட்டாள், காற்றும் பெட்ரோலும் நுழைந்தனர். கதவுகள் சாத்தப்பட்டன. பெரியம்மா உந்த, உலக்கையன் ஏறினான்.

"அடே, மூச்சு முட்டுகிறது!" என்று காற்று கத்தியது.

"பற்றவைக்கவா?" என்றான் பொறியன்.

"பொறு, அவசரக்குடுக்கை! இன்னும் கொஞ்சம் நெருங்கட்டும்... இப்போது!" என்றான் உலக்கையன்.

வீடே அதிர்ந்தது. போக வழியில்லாத வேகம் முழுதும் உலக்கையன் தலையில் இறங்கி அவனைக் கீழே தள்ளியது. பெரியம்மா குதூகலமாகச் சுழன்றாள். வண்டி கல்லை விட்டு நகர்ந்தது.

விருந்தாளிகளோ புகையாய் மாறிப்போயிருந்தார்கள். வெட்கப்பட்ட போக்கி கதவைத் திறந்தாள். உலக்கையன் மேலேறி அவர்களை வெளியே அனுப்பினான். அவர்கள் 'டப்' என்று கூவிக்கொண்டு பாய்ந்தார்கள்.

இனி யார் வருவார்கள்? உலக்கையன் கலக்கத்தோடு கீழே இறங்கினான். வரவி தயங்கித் தயங்கிக் கதவைத் திறந்தாள். புதுக்காற்று பெட்ரோலை இழுத்துக்கொண்டு, முட்டி மோதி உள்ளே விழுந்தது.

"முன்னே போனவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். இப்படி ஒரு வழியனுப்புதலை எந்த வீட்டிலும் கண்டதில்லையாம். சாத்துங்கள் கதவை!"

வரவி சிரித்துவிட்டாள். பொழுது சாயுமுன் மலையூரில் கஞ்சிக்கு உப்பு விழுந்தது.

இப்படி வரவேற்று, அடைத்து நெருக்கி, தீயிட்டு, வழியனுப்பி என நான்கு நடை நடக்கும் வழக்கம் அன்று முதல்தான் அந்த இரும்பு வீட்டில் நிலைத்தது. நான்கில் ஒரு நடைக்கே தீ தள்ளுகிறது, மற்ற மூன்றுக்கும் பெரியம்மாவே இன்றளவும் தோள் கொடுக்கிறாள்.