மன்றாட்டு மாலையும் வருகைப் பதிவும்

“பேச்சியம்மாளுக்கு டி.சி. கொடுத்துடுங்க, மதர்,” என்றார் மரியநாயகம் சார்.

மதர் செலஸ்தீன் தலைமையாசிரியை. மரியநாயகத்தைவிடப் பத்து வயது இளையவர். அந்த மலைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் குரு அவர்தான். மரியநாயகத்துக்கும்தான், ஒப்புக்கொள்ள மாட்டார்.

“என்ன தப்பு பண்ணினா?”

“தப்பு ஒண்ணும் பண்ணலை. கணக்கு வரலை. பத்தாவதுல எல்லாரும் தேறிடுவாங்க, இவ ஒருத்தியைத் தவிர. நூறு சதவீதம் போயிடும்.”

“போனா?”

“போனா நம்ம பள்ளிக்கூடம் எதுக்கு, மதர்?”

மதர் ஜன்னலைப் பார்த்தார். மேகம் ஒன்று உள்ளே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு ஜெபம் நீங்கதானே?”

“ஆமா.”

“முடிஞ்சதும் நீங்களே அட்டெண்டன்ஸ் எடுங்க. அவ பேரையும் கூப்பிடுங்க. அப்புறமும் வேணும்னா கையெழுத்துப் போடறேன்.”

பதில் கேட்டால் வேலை கொடுப்பது மதரின் வழக்கம். மரியநாயகத்துக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் சகல புனிதர் திருவிழா. வகுப்புக்குள்ளேயே மூடுபனி. முன்வரிசைப் பிள்ளைகள் நிழலாகத் தெரிந்தார்கள். பேச்சியம்மாள் உட்காரும் பின்வரிசை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

மரியநாயகம் மன்றாட்டு மாலையைத் தொடங்கினார். அவர் ஒவ்வொரு புனிதராகப் பெயர் சொல்ல, பிள்ளைகள் பதில் சொன்னார்கள்.

“புனித அந்தோணியாரே.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

“புனித சவேரியாரே.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

நீளமான மாலை. குளிருக்கு அந்த ராகம் இதமாக இருந்தது. பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள், அவரும்தான். புனிதர்கள் முடிந்துபோனது அவர் நாக்குக்கு உறைக்கவில்லை. மனப்பாடமாக இருந்த வகுப்புப் பெயர்களை அதே ராகத்தில் தொடங்கிவிட்டார்.

“அங்கமுத்து.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதட்ட வாயெடுத்தார். ஏனோ மனம் வரவில்லை.

“அபூபக்கர்.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அபூபக்கரை இத்தனை நாளும் திட்டுவதற்கு மட்டுமே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

“இருதயமேரி.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

பெயர்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. எந்தப் பெயரில் போய் நிற்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். நடுவில் நிறுத்திவிடலாமா என்றுகூடப் பார்த்தார். முடியவில்லை.

“பேச்சியம்மாள்.”

அந்த நேரம் பார்த்து மதர் வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அந்தப் பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை.

“கையெழுத்துப் போடட்டுமா, சார்?” என்றார் மதர்.

மரியநாயகம் அவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத பின்வரிசையைப் பார்த்துக் கை கூப்பினார்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்றார்.