ரெபெக்காளின் தாதி

"ரெபெக்காள் எப்படிச் செத்தா, உபதேசியாரே?"

ஞானப்பூ உட்காரக்கூட இல்லை. உப்பளத்து வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

யோபு உபதேசியார் கையிலிருந்த மோர்ச் செம்பை அவளிடம் நீட்டினார்.

"முதல்ல குடிங்க."

"குடிக்க வரல. கேக்க வந்தேன்."

யோபுவுக்கு அவளைவிட வயது குறைவு. ஒரு காலத்தில் சபையில் உபதேசியாராக இருந்தவர். பிரசங்கத்தில் சுகமான வசனங்களை விட்டுவிட்டு முள்ளாகக் குத்துகிற வசனங்களையே எடுத்து வைக்கிறார் என்று சபையார் முகம் சுளித்தார்கள். ஒருநாள் அவரே இறங்கி வந்துவிட்டார். இப்போது கடலோரத்து உப்புக் கொட்டகையில் மூட்டை எடை போடும் வேலை. உபதேசியார் என்ற பேர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

வேதப்புத்தகத்தில் ஏதாவது ஒரு வரி தொண்டையில் சிக்கிக்கொண்டவர்கள் கொட்டகைக்கு வருவார்கள்.

எலிசா தீர்க்கதரிசியின் வழுக்கையைக் கேலி செய்த பிள்ளைகளைக் கரடி பீறிப்போட்டதே, அது என்ன நியாயம் என்று ஒருவர் வந்து கேட்டார். யோபு தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"அந்த வசனம் எனக்குச் சாதகமா இருக்கு. அதனால நான் அதுக்கு அர்த்தம் சொல்லக்கூடாது" என்றார்.

வந்தவர் சிரித்துவிட்டார். அன்று ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் ஞானப்பூ வந்து நின்றாள்.

"ஆபிரகாம் செத்தது இருக்கு. சாராள் செத்தது இருக்கு. ராகேல் வழியில பிள்ள பெத்துச் செத்தது இருக்கு. ரெபெக்காள் செத்தத மட்டும் காணோம். நானும் தேடித்தேடிப் பாத்துட்டேன்."

"எதுக்கு அது உங்களுக்கு?"

"இளைய மகன் யாக்கோப ஊரவிட்டு அனுப்பினால்லா? அவன் திரும்பி வந்தப்ப அவ உயிரோட இருந்தாளா? அவன் முகத்தப் பாத்தாளா? அது தெரிஞ்சாப் போதும்."

யோபு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தேடுங்க."

"உங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரிஞ்சது தெரியும்."

"பின்ன சொல்லுங்க."

"சொன்னா நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க."

"வேற எங்க போகச் சொல்லுதீங்க?"

அவர் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானப்பூ மோரைக் குடிக்காமலே கோபத்தோடு திரும்பி நடந்தாள்.

---

கோபம் இருந்தாலும் தேடினாள்.

அவளுக்கு வாசிப்பு அவ்வளவாக ஓடாது. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, உதடு அசைத்துத்தான் படிப்பாள். அடுப்பில் உலை கொதிக்கும்போது படித்தாள். மூத்தவன் செல்வசிங் லாரியை எடுத்துக்கொண்டு லோடுக்குப் போன பிறகு படித்தாள்.

உப்புக் காற்றில் புத்தகத்தின் தாள்கள் நமுத்துப் போயின.

மறுபடி கொட்டகைக்கு வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"கிடைச்சிட்டு."

"எங்க?"

"ரொம்பத் தள்ளி. யாக்கோபு சாகப்போற நேரம். என்னை இன்ன குகையில வைங்கன்னு பிள்ளைகள்ட்ட சொல்லுதான். அங்கதான் ஈசாக்கையும் ரெபெக்காளையும் வச்சாங்க, லேயாள நான் வச்சேன்னு சொல்லுதான்."

"சரி."

"சரியா? பொண்டாட்டிய 'நான்' வச்சேன்னு சொல்லுதான். அம்மாவ 'அவங்க' வச்சாங்கன்னு சொல்லுதான். அப்ப அவன் அங்க இல்ல, உபதேசியாரே. பெத்தவளுக்கு ஒருபிடி மண்ணு அவன் கையால விழல."

சொல்லும்போதே குரல் உடைந்தது.

யோபு அவள் விரல் வைத்திருந்த வரியைப் பார்த்தார்.

"ஈசாக்கையும் 'அவங்க'ன்னுதான சொல்லுதான்?"

"ஆமா."

"அப்பாவ அடக்கம் பண்ணும்போது யாக்கோபு எங்க இருந்தான்?"

ஞானப்பூ புத்தகத்தைப் புரட்டினாள். விரல் வரிமேல் ஊர்ந்தது.

அண்ணன் ஏசாவும் யாக்கோபும் சேர்ந்துதான் தகப்பனை அடக்கம்பண்ணினார்கள் என்று இருந்தது.

"அங்கதான் நின்னிருக்கான்" என்றாள். பிறகு, "அப்ப அந்த ஒரு சொல்ல வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதா?"

"முடியாது."

"நான் அழுததெல்லாம் வீணா?"

"வசனம் சொல்லாதத அது தலையில ஏத்தக்கூடாதும்மா. நம்ம அழுகையா இருந்தாலும்."

அவள் புத்தகத்தை மூடவில்லை. அதே பக்கத்தில் கொஞ்சம் மேலே போனாள். கொஞ்சம் கீழே வந்தாள்.

"இங்க பாருங்க. ஊருக்குத் திரும்பினவன் அப்பாகிட்ட வந்து சேந்தான்னு இருக்கு. அம்மா பேச்சே இல்ல. அவ இருந்திருந்தா வாசல்ல நின்னிருக்க மாட்டாளா? எழுதினவன் கண்ணுக்கு அவ தெரிஞ்சிருக்க மாட்டாளா?"

யோபு தலையசைத்தார்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

அவர் ஆமாம் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. பாத்திகளில் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மகன அனுப்பும்போது ரெபெக்காள் என்ன சொன்னா?" என்று கேட்டார் யோபு.

அது அவளுக்கு மனப்பாடம்.

"உன் அண்ணன் உன்மேல கோவமா இருக்கான். நீ போயி கொஞ்ச நாள் மாமன் வீட்டுல இரு. அவன் கோவம் தணியட்டும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"படிங்க."

"எனக்குத் தெரியும்."

"படிங்கம்மா."

விரல் வரியில் ஊர்ந்தது. ஓர் இடத்தில் வந்து நின்றது. அவள் உதடு அசையவில்லை.

கோபம் தணிந்த பிறகு ஆள் அனுப்பி உன்னை அழைத்துக்கொள்வேன் என்று அந்தத் தாய் சொல்லியிருந்தாள்.

---

அந்த வரியை ஞானப்பூ எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறாள். நின்றதில்லை.

பல வருசங்களுக்கு முன் ஒருநாள், பஸ் ஸ்டாண்டில் அவளுடைய இளையவன் ஆமோஸ் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு மஞ்சப் பை. அண்ணன் தம்பி சண்டைக்குக் காரணம் குடும்பத்துப் பனைவிளை நிலம். அதை இளையவன் பேருக்கு எழுதும்படி புருசனை நச்சரித்தது ஞானப்பூதான். விசயம் தெரிந்ததும் மூத்தவன் அரிவாளைத் தூக்கிவிட்டான்.

"நாலு நாள் பம்பாய்ல மாமா கடையில இருய்யா. அண்ணன் கோவம் ஆறட்டும். நானே ஆள் விட்டுக் கூப்பிடுதேன்."

பஸ் போய்விட்டது.

முதல் வருசங்களில் அவன் போனில் கேட்பான். "எப்பம்மா வர?"

"அண்ணன் கோவம் இன்னும் போகலய்யா."

பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். கல்யாணம் அங்கேயே நடந்தது. பிள்ளைகள் அங்கேயே பிறந்தன. தகப்பன் இறந்த சேதியைக்கூட அடக்கம் முடிந்த பிறகுதான் ஞானப்பூ அவனுக்குச் சொன்னாள். கிறிஸ்மஸுக்குப் பேசுவான். நல்லா இருக்கியாம்மா என்பான். நல்லா இருக்கேன்யா என்பாள். போனை வைத்த பிறகும் வெகுநேரம் காதில் ஒட்டவைத்தபடியே நிற்பாள்.

மூத்தவனின் கோபம் போய்விட்டதா என்று அவள் ஒருநாளும் அவனிடம் கேட்டதில்லை. ஒரே வீட்டில் அவனுக்குச் சோறு போட்டாள், கஞ்சி ஊற்றினாள். ஆமோஸ் என்ற பேரை மட்டும் அவள் வாயில் எடுத்ததில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

---

"ரெபெக்காள் ஆள் அனுப்பினாளா?" என்று கேட்டார் யோபு.

"அனுப்பல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"அனுப்பினான்னு எங்கயும் இல்ல. அவளும் அப்படித்தான். வாயால சொன்னதோட சரி."

அவள் குரலில் ரெபெக்காள்மீது அவ்வளவு வெறுப்பு இருந்தது.

"இல்லியா?" என்றார் யோபு.

அதற்குள் லாரி ஒன்று வந்து நின்றது. அவர் எழுந்து தராசடிக்குப் போய்விட்டார்.

---

அந்த 'இல்லியா' அவளைத் தூங்கவிடவில்லை, உண்ணவிடவில்லை.

யாக்கோபு புறப்பட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். மாமன் ஏமாற்றியதைப் படித்தாள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் திரும்பியதைப் படித்தாள். ஏசா ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததைப் படித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். பிறகு வந்து மேலே படித்தாள்.

ஒரு வசனத்தில் இடறிவிட்டாள்.

சாப்பாடு செய்யாமல், கதவைக்கூடச் சாத்தாமல், கொட்டகைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"உபதேசியாரே, இந்தத் தெபொராள் யாரு?"

யோபு கையிலிருந்த கோணியைக் கீழே வைத்தார்.

"என்ன போட்டிருக்கு?"

"ரெபெக்காளோட தாதின்னு போட்டிருக்கு. அவள வளத்த ஆயா. யாக்கோபு திரும்பி வாற வழியில, பெத்தேல் பக்கத்துல செத்துப்போனாளாம். ஒரு மரத்தடியில புதைச்சாங்களாம். முன்ன இந்தப் பேரே வரல. திடீர்னு வாறா, செத்துப்போறா. பெத்த அம்மா செத்தத எழுதாதவன் ஆயா செத்தத எதுக்கு எழுதுதான்?"

"இதுக்கு முன்ன அந்த ஆயா எங்க இருந்தா?"

ஞானப்பூ யோசித்தாள்.

"ரெபெக்காளக் கட்டிக் குடுத்தப்ப ஒரு தாதியையும் கூட அனுப்பினாங்க. ரெபெக்காள் கூடத்தான் இருந்திருப்பா. அவ வீட்டுல."

"யாக்கோபு எங்க இருந்து வாறான்?"

"மாமன் ஊர்ல இருந்து."

யோபு கீழே கிடந்த கோணியை மடித்தார்.

"ரெபெக்காள் வீட்டுல இருக்க வேண்டியவ..." என்றாள் ஞானப்பூ. "அவ எப்படி இவன் கூட..."

நின்றுவிட்டாள்.

பாத்தி ஓரத்தில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வாருபலகை தரையில் உரசும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

ஞானப்பூ மெல்ல உட்கார்ந்தாள். அந்தக் கொட்டகையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"அனுப்பியிருக்கா" என்றாள்.

"அப்படி எழுதல" என்றார் யோபு.

"எழுதலேன்னா என்ன? நடக்கமாட்டாத கிழவி, அவ்வளவு தூரம் தானாவா போவா? அந்த வீட்டுல வேற ஆளே கிடைக்காமப் போயிருக்கும். தன்னை வளத்தவளையே புடிச்சு அனுப்பியிருக்கா."

"நான் எழுதலன்னுதான் சொன்னேன். இல்லன்னு சொல்லல."

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"வேதத்துக்கு விளக்கம் எழுதின பழைய ஆளுங்களும் அப்படி நினைச்சிருக்காங்க. நானும் நினைக்கேன். நினைப்பு வேற, வசனம் வேற."

ஞானப்பூவுக்குக் கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"இருந்தாலும் ஆயா வழியிலயே போயிட்டாளே. அம்மாவும் மகன் முகத்தப் பாக்கல. அனுப்பி என்ன பலன்?"

யோபு அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கவில்லை. எட்டிப் பார்த்து, அந்த வசனத்தின் கடைசியில் இருந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"அந்த மரத்துக்கு வச்ச பேரு இது. அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது."

"அழுகை மரம்."

"யாரு அழுதா?"

"நீங்க சொல்லுங்க."

ஞானப்பூ அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் வீட்டுக்குப் போறேன், உபதேசியாரே."

"போங்க" என்றார் யோபு.

---

வீட்டு முற்றத்தில் செல்வசிங் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். வாளித் தண்ணீரைச் சக்கரத்தில் வீசி அடித்தான். செம்மண் கரைந்து ஓடியது.

ஞானப்பூ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் எதிரே போய் நின்றாள்.

"யய்யா."

"என்னம்மா, கதவத் திறந்து போட்டுட்டு எங்க போன?"

"ஆமோசக் கூப்பிடணும்."

வாளி அவன் கையிலேயே நின்றது. அத்தனை வருசமாக அந்த முற்றத்தில் விழாத பேர் விழுந்திருந்தது.

அவன் திரும்பவில்லை. சக்கரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தபடி நின்றான்.

"காதுல விழுந்துச்சாய்யா?"

"விழுந்துச்சு."

பின்வாங்கிவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. நின்றாள்.

"போன மழைக்கு முந்தி லோடு இறக்க பம்பாய் போனேன்லா?" என்றான் செல்வசிங்.

"ஆமா."

"அவன் கடை இருக்க தெருவுக்குப் போனேன்."

ஞானப்பூ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதிர்த்தாப்புல நின்னேன். கல்லாவுல உக்காந்திருந்தான். முடியெல்லாம் நரைச்சிட்டு. பக்கத்துல ஒரு பொம்பளப்புள்ள. அப்படியே உன் மூக்கு."

"உள்ள போகலியாய்யா?"

"போயி?"

அவன் இப்போதுதான் திரும்பினான். ஈரக்கையைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"யாரு அனுப்பினான்னு கேப்பான். என்ன சொல்ல?"

ஞானப்பூ அவன் ஈரக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா அனுப்பினான்னு சொல்லு."