நடுங்காத கை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அந்த கேம் சென்டர் இருந்தது. 2003ஆம் வருஷம். எட்டு கம்ப்யூட்டர், இரண்டு பெரிய டிவி, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி.

நடத்தியவர் அமலோற்பவம் என்ற பெண். வயது இருபத்தேழு. கால்பந்து, சண்டை, துப்பாக்கி, கார் பந்தயம், ஊர் கட்டுவது என்று எந்த விளையாட்டைப் போட்டாலும் அவரை யாரும் ஜெயித்ததில்லை. கல்லூரி மாணவர்கள் முதலில் கிண்டலுக்குத்தான் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நாளாக ஆகக் கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு நாற்பத்தாறு வயது ஆள் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். காக்கிச் சட்டை. பெயர் சடையப்பன். வத்தலக்குண்டு தடத்தில் தனியார் பேருந்து ஓட்டுநர், பத்தொன்பது வருஷ சர்வீஸ்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஏழு மாதத்துக்கு முன்னால், காலை ஆறரை மணி டிரிப்பில், சந்திலிருந்து ஒரு பால்காரர் சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டார். பின்னால் இரண்டு பக்கமும் கேன். சடையப்பன் பிரேக்கை மிதித்தார். போதவில்லை. பால்காரர் அங்கேயே இறந்துபோனார். போலீஸ் விசாரித்தது, கோர்ட் விசாரித்தது. ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவரால் பேருந்தை எடுக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் இரண்டு கையும் நடுங்க ஆரம்பித்துவிடும். மருந்து சாப்பிட்டுப் பார்த்தார். கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தார். முதலாளி நல்ல மனுஷர், ஷெட்டில் டயர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்து வைத்திருந்தார். இப்போது அவரும், அடுத்த மாதம் முதல் தேதி ஷெட்டிலிருந்து செம்பட்டி வரை ஓட்டிக் காட்டு, முடியாவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

இங்கே ஸ்டியரிங் வைத்த விளையாட்டு இருப்பதாக யாரோ சொன்னார்களாம்.

"கை நடுங்காம ஓட்டணும். அதை மட்டும் கத்துக்குடுங்க மாஸ்டர்" என்றார் சடையப்பன். தன் மகள் வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிட அவருக்குக் கூச்சமாக இருக்கவில்லை.

அமலோற்பவம் அவருடைய கைகளைப் பார்த்தார். அதைச் சொல்லும்போதே அவை லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"நாளைக்குக் காலையில வாங்கண்ணே" என்றார்.

முதல் வாரம் அவர் ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கச் சொன்னார். சடையப்பன் ஒவ்வொரு கட்டைக்கும் உடம்பையே சாய்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு கால்பந்து. இவர் ஆட்களே இவர் வலைக்குள் பந்தைப் போட்டார்கள். பிறகு குத்துச்சண்டை. அடிபட்டு விழுந்து கிடந்த ஆள் அடுத்த சுற்றில் முழுத் தெம்போடு எழுந்து நின்றதைப் பார்த்து, இது என்ன கணக்கு என்று கேட்டார். அது அப்படித்தான் என்றார் மாஸ்டர்.

ஊர் கட்டும் விளையாட்டுதான் அவருக்குப் பிடித்தது. ரோடு போட்டார், தண்ணீர்த் தொட்டி கட்டினார், பேருந்து நிலையத்தை ஊருக்கு நடுவில் வைத்தார். நாலாம் நாள் அந்த ஊரில் தீப்பிடித்தது. அணைத்து முடித்தபோது, திரையின் மூலையில் மக்கள்தொகையில் பதினாலு குறைந்திருந்தது.

"இவங்க எங்க போனாங்க?" என்று கேட்டார் சடையப்பன்.

"நம்பர்தான் குறைஞ்சிருக்கு அண்ணே. வீடு கட்டுங்க, ஏறிரும்."

வீடு கட்டினார். ஏறியது.

இரண்டாம் வாரம் மாஸ்டர் ஸ்டியரிங்கை மேசையில் திருகி மாட்டினார். பிளாஸ்டிக் ஸ்டியரிங். காலுக்கு இரண்டு பெடல். டிவியில் கடலோரமாக ஒரு பந்தயச் சாலை. சடையப்பன் பிடித்ததும் கை நடுங்கியது. கார் முதல் வளைவிலேயே கடலில் விழுந்தது. விழுந்த கார் மூன்று நொடியில் சாலை நடுவில் வந்து நின்றது, கீறல்கூட இல்லாமல்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி ஓட்டலாமா?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

அன்றைக்கு நாற்பது தடவையாவது விழுந்திருப்பார். மறுநாள் அதில் பாதி. மூன்றாம் வாரம் கார் விழவில்லை, கையும் ஆடவில்லை. பத்தொன்பது வருஷ ஓட்டுநரின் கண்ணும் காலும் அவருக்கு இருந்தன. வளைவு வரும் முன்பே அவருடைய கை அதை அறிந்திருந்தது. கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் தோற்றார்கள். அவர் ஓட்டும்போது பின்னால் கூட்டம் நின்றது. டிரைவர் அண்ணன் என்று டீ வாங்கி வந்து கொடுத்தார்கள்.

வீட்டிலும் மாற்றம் தெரிந்தது. ஏழு மாதமாகத் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இப்போது இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்று அவர் மனைவி பாண்டீஸ்வரி அக்கம்பக்கத்தில் சொன்னார். கேம் சென்டர் மாடிக்கே ஒருநாள் வந்து மாஸ்டருக்குக் கொழுக்கட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

மாதத்தின் கடைசி நாள். மத்தியானம் மூன்று மணி. மறுநாள் காலை ஓட்டிக் காட்ட வேண்டும். சடையப்பன் ஒரு பந்தயத்தை முடித்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். கல்போல நின்றன.

"நின்னுருச்சு மாஸ்டர். நாளைக்கு வண்டி எடுக்கலாமா?"

அமலோற்பவம் அலமாரியைத் திறந்தார். வேறொரு விளையாட்டின் சிடியை எடுத்துப் போட்டார். டிவியில் ஒரு நகரம் வந்தது. கடைகள், சிக்னல், நடைபாதையில் நடந்து போகும் ஆட்கள். மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"இதுல ஓட்டுங்க."

"எங்க போகணும்?"

"அம்புக்குறி காட்டும்."

சடையப்பன் பார்த்துத்தான் ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்றார். ஒரு கிழவி ரோட்டைக் கடக்கும்வரை பொறுத்தார். நேரம் முடிந்து, திரையில் தோல்வி என்று வந்தது. பின்னால் நின்றவர்கள், இதில் விளக்குக்கெல்லாம் நிற்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மாஸ்டர் மறுபடி ஆரம்பித்து வைத்தார்.

இரண்டாவது தடவை அவர் விளக்குக்கு நிற்கவில்லை. அப்போதும் தோற்றார்.

மூன்றாவது தடவை ஒரு திருப்பத்தில் குறுக்கு வழியாக நடைபாதை மேல் ஏற்றினார். ஒரு ஆள் காரில் பட்டு எகிறி விழுந்தான். மணி அடித்தது. கடிகாரத்தில் ஐந்து நொடி கூடியது. பின்னால் கைதட்டினார்கள்.

சடையப்பனுக்கு விளையாட்டு புரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் மிக நன்றாக ஓட்டினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குடைக்காரர், பெட்டியோடு ஒரு பெண், சைக்கிளில் போன ஒருவர். கார் ஒருமுறைகூடச் சுவரில் உரசவில்லை. நேரம் இருபது நொடி மிச்சம் இருக்கும்போதே அம்புக்குறி காட்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கூட்டம் கத்தியது. சடையப்பன் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

மாஸ்டர் டிவியைப் பார்க்கவே இல்லை. சடையப்பனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேரண்ணே?" என்று கேட்டார்.

"என்ன எத்தனை பேர்?"

"மேல ஏத்துனது."

சடையப்பனுக்குத் தெரியவில்லை. அவர் எண்ணவில்லை. மாஸ்டர் திரையைக் காட்டினார். நட்சத்திரங்களுக்கு நடுவே பதினொன்று என்று போட்டிருந்தது.

"அதுல சைக்கிள்ல ஒருத்தர் வந்தார்."

சடையப்பன் திரையைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் மிச்சம் இருந்தது, அதை என்ன செய்வது என்று தெரியாதவர்போல.

"கையைப் பாருங்க" என்றார் மாஸ்டர்.

பார்த்தார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருந்தன. ஒரு விரல்கூட ஆடவில்லை.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கைகளைச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அடுத்த டிவியில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சடையப்பன் மாஸ்டரிடம் திரும்பினார்.

"என்னை என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"நீங்க கேட்டதைத்தான் அண்ணே."

சடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார். மாடிப்படியின் பாதியில் கால் நின்றுவிட்டது. அங்கேயே உட்கார்ந்தார். கீழே பாத்திரக்கடையில் யாரோ குடங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஏழு மாதமும் பால்காரரின் முகம் தினமும் வந்துகொண்டிருந்தது. சைக்கிளை விட்டுக் கை எடுத்து, இவரைப் பார்த்து நிறுத்து என்பதுபோலக் காட்டியவரின் முகம். அது கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்தார். நினைவில்லை. பத்து நாளாவது இருக்கும். அந்தப் பத்து நாளும்தான் அவர் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். ஏறி வந்தவர்களும் இறங்கிப் போனவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் வரவில்லை. வெயில் படியை விட்டு இறங்கியபோது சடையப்பனின் வலது கை ஆடத் தொடங்கியது. அதன் பின் இடது கை. அவர் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு வீட்டுக்குப் போய், பாண்டீஸ்வரியிடம் நாளைக்கு வேலை போனாலும் போகும் என்று சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷெட்டில் முதலாளி சாவியோடு நின்றார். சடையப்பன் அவரிடம் ஒளிக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, நடுக்கம் போகவில்லை என்றார். ஓட்டிப் பார்க்கிறேன், வேண்டாமென்றால் இறங்கிவிடுகிறேன், நீங்கள் பக்கத்தில் இருங்கள் என்றார். முதலாளி நீட்டப்பட்ட அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு சாவியை அவற்றில் வைத்துவிட்டு, முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக்குகளையும் ஏறச் சொன்னார். அவர்கள் ஆளுக்கொரு வேலை சொல்லி நழுவினார்கள்.

ஷெட் வாசலில் அமலோற்பவம் நின்றிருந்தார். யாரையும் கேட்காமல் ஏறி, ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்.

பேருந்து மெதுவாகத்தான் போனது. ஸ்டியரிங் மேல் கைகள் ஆடியது முதலாளிக்கும் தெரிந்தது, பின்னால் இருந்தவருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு சந்து வாசலிலும் சடையப்பன் வேகத்தைக் குறைத்தார். அந்தக் குறிப்பிட்ட சந்து வந்தபோது பேருந்தை முழுசாக நிறுத்தினார். அதிலிருந்து யாரும் வரவில்லை. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, முதல் கியர் போட்டார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

செம்பட்டி போய்த் திரும்பி வர வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. ஷெட்டில் இறங்கிய முதலாளி, காலை ஆறரை டிரிப் வேண்டாம், பத்து மணி டிரிப்பில் கூட்டம் குறைவு, திங்கட்கிழமையிலிருந்து அதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சடையப்பன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாஸ்டர் இறங்குவதற்காக எழுந்தபோது அவர் திரும்பிக் கேட்டார்.

"போக வர நடுங்கிக்கிட்டேதான் ஓட்டினேன். நேர் பின்னால உக்காந்திருந்தீங்களே. பயமா இல்லையா மாஸ்டர்?"

அமலோற்பவம் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"நேத்து மத்தியானம் பயந்தேன் அண்ணே" என்றார்.